ட்ரெட்மில்லில் காயுது என் வேட்டி

திராட்சைக்குக் கவாத்து பண்றதைப் பத்தி ரெண்டாம் பாகம் எழுதுறேன்னு சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். இன்னிக்கு வேற ஒரு விஷயம் மனசுல கிடந்து உறுத்துது, அதை எழுதிட்டுத்தான் கவாத்துக்கு வரணும். கொஞ்சம் கோவமாத்தான் இருக்கும், பட்டணத்து உறவுகள் பொறுத்துக்கணும்.

என் மகன் சென்னையில வேலை பாக்குறான்னு முன்னாடியே எழுதியிருக்கேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி 38,000 ரூபாய்க்கு மாசத் தவணையில ஒரு ட்ரெட்மில் வாங்குனான். மூணாவது மாடி வீடு. இவன் ஓடினா கீழ்வீட்டுக்காரங்களுக்குத் திடும் திடும்னு கேக்குதாம். சண்டை வந்துருச்சு. அப்புறம் அதைவிடச் சின்ன வீட்டுக்கு மாறினான், மெஷினை வைக்க இடமில்ல. "அப்பா, ஊருக்கு அனுப்புறேன், நீங்க நடங்க"ன்னு பார்சல் லாரியில ஏத்தி விட்டுட்டான். கம்பத்துல இருந்து வேன் வச்சு வீட்டுக்குக் கொண்டாந்தோம். அதை இறக்குன நாலு பேருக்கும் அன்னிக்கு நல்ல உடற்பயிற்சி. அதுக்கப்புறம் அந்த மெஷினால யாருக்கும் ஒரு உடற்பயிற்சியும் நடக்கல. எங்க வீட்டுக்கு வர்ற கரண்டுல அது ரெண்டு நிமிஷம் ஓடும், அப்புறம் நின்னுரும். இப்போ திண்ணையில நிக்குது. கைப்பிடி நல்ல உயரம். வேட்டி, துண்டு காயப்போடத் தோதா இருக்கு.

அந்த வருஷம் நான் வாழைக்காயைக் கிலோ 12 ரூபாய்க்குக் கொடுத்தேன். 38,000 ரூபாய்னா மூணு டன்னுக்கு மேல வாழைக்காய். மூணு டன் வாழையை விளைய வச்சு, வெட்டி, சுமந்து ஏத்துனா எம்புட்டு உடம்பு வேலை! அதை வித்த காசுக்குச் சமமான பணத்தைக் கொடுத்து, நின்ன இடத்துல நடக்குறதுக்கு ஒரு மெஷின். இதை மகன்கிட்ட சொன்னேன். "அப்பா, நீங்க தோட்டத்துல வேலை செய்யுறீங்க, உங்களுக்கு உடற்பயிற்சி தேவையில்ல. எங்களுக்குத் தேவை"ன்னான். எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. நானும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

அந்தப் பெருமை ஆறு மாசம்கூட நிக்கல. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீடு வீடா வர்ற அக்கா ஒரு நாள் வந்து விரல்ல ஊசி குத்திப் பாத்தாங்க. "அண்ணே, ஒரு தடவை வெறும் வயித்துல பாத்துருங்க"ன்னாங்க. பாத்தா 168. சர்க்கரை! எங்க வம்சத்துல யாருக்கும் கிடையாது. டாக்டரம்மா எனக்கு மகள் வயசு இருக்கும். மாத்திரை எழுதிட்டு, "தினமும் நடங்க, வாரத்துல ரெண்டு நாளாவது வெயிட் தூக்குற மாதிரி ஏதாவது பண்ணுங்க"ன்னு சொன்னாங்க. நான் சிரிச்சுட்டேன். "அம்மா, நான் சம்சாரி. எனக்குப் போய் உடற்பயிற்சியா?"ன்னேன். அந்தப் பொண்ணு சிரிக்கல. "இன்னிக்குக் காலையில இருந்து என்னென்ன பண்ணீங்க, சொல்லுங்க"ன்னுச்சு.

சொல்ல ஆரம்பிச்சேன். காலையில எந்திரிச்சு செல்போன்ல மோட்டார் போட்டேன். டீ குடிச்சேன். பைக்கை எடுத்துக்கிட்டுத் தோட்டத்துக்குப் போனேன். சொட்டுநீர்க் குழாய்ல வால்வைத் திருப்பி விட்டேன். வரப்புல உக்காந்து வியாபாரிக்குப் போன் பேசுனேன். மறுபடி பைக்ல வீடு. சொல்லச் சொல்ல எனக்கே சத்தம் குறைஞ்சுருச்சு.

எங்க அப்பா காலத்துல கமலை. மாட்டுக்குப் பின்னாடி முன்னும் பின்னும் நாள் பூராவும் நடை. நான் வாலிபமா இருந்தப்போ மம்பட்டி, நாத்துக்கட்டு, களத்துல கதிரடிப்பு. இந்தப் பள்ளத்தாக்குல 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல். பெரியாறு அணையில ஜூன் முதல் தேதி தண்ணி திறந்தா, லோயர் கேம்ப்ல இருந்து கீழ் கோடி வரைக்கும் வயக்காடு பூரா சனமா நிக்கும். இன்னிக்கு உழவுக்கு டிராக்டர், அறுப்புக்கு மெஷின், களை எடுக்க மருந்து. சில பேர் நடவுக்கும் மெஷின் வந்துட்டாங்க. நான் குறை சொல்லல. ஆள் கிடைக்கல, வேற என்ன பண்றது? ஆனா வேலை போச்சு, சாப்பாடு மட்டும் கமலை இறைச்ச காலத்து அளவுலயே இருக்கு. மத்தியானம் ஒரு குண்டான் சோறு. அப்புறம் சர்க்கரை வராம வேற என்ன வரும்?

அதனால என் முதல் கோவம் என் மேலயும் என் மாதிரி ஆளுங்க மேலயும்தான். "உழைக்கிறவனுக்கு எதுக்குய்யா எக்சர்சைஸ்"னு மீசையைத் தடவுறோமே, அந்த உழைப்பு நம்மளை விட்டுப் போய் இருபது வருஷமாச்சு. 2023ல ஐசிஎம்ஆர் ஆய்வு வந்துச்சே, நாட்டுல 10 கோடிப் பேருக்கு மேல சர்க்கரை நோய்னு. அது பட்டணத்துக் கணக்கு மட்டும்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். இல்ல, கிராமமும் அதுல இருக்கு. நானும் இருக்கேன்.

இன்னொண்ணும் சொல்லணும். மிச்சம் இருக்குற உழைப்பும் உடற்பயிற்சி கிடையாது. மருந்தடிக்கிற 16 லிட்டர் டேங்கை முதுகுல மாட்டிக்கிட்டு, ஒரு கையால பம்பு அடிச்சு ஒரு கையால குழலைப் பிடிச்சு வரிசைக்கு வரிசை போறவனுக்கு ஒரு பக்கத் தோள் இறங்கிப் போயிரும். நடவு நட்டே இடுப்பு போன பொம்பளைக எங்க தெருவுலயே எத்தனை பேர். விடியக்காலம் ஜீப்புல நெருக்கியடிச்சு ஏறி மலைக்கு மேல ஏலக்காத் தோட்டத்துக்குப் போயிட்டு, இருட்டுன பிறகு திரும்பி வர்ற பொம்பளைகளைப் பாத்து "கிராமத்து வாழ்க்கை ஆரோக்கியமான வாழ்க்கை"ன்னு யாராவது சொன்னா எனக்கு எரிச்சல் வரும். பென்னிகுக் துரை காலத்துல, 1887ல இருந்து 1895 வரைக்கும், கல்லும் சுண்ணாம்பும் சுமந்து அந்த அணையைக் கட்டுனவங்கள்ல காய்ச்சல்லயும் காலராவுலயும் செத்தவங்க ஏராளம். அவங்களுக்கு உடம்பு வேலைக்கா பஞ்சம்? வேலைங்கிறது உடம்பைத் தேய்க்கும். பயிற்சிங்கிறது உடம்பை ஆக்கும். எவ்வளவு, எத்தனை தடவை, எப்போ நிறுத்துறதுன்னு நம்ம கையில இருந்தாத்தான் அது பயிற்சி. மேஸ்திரி கையில இருந்தா அது கூலி.

சரி, இப்போ உங்க பக்கம் வர்றேன்.

டாக்டரம்மா சொன்னதுக்கு அப்புறம் நானும் வாங்கலாம்னு செல்போன்ல தேடிப் பாத்தேன். யப்பா! ஒரு ரப்பர் பட்டை, அதுக்கு ஒரு விலை. ஒரு சாக்குப்பையில நாலு கைப்பிடி தச்சு அதுக்கு ஒரு விலை, அதுலயும் மண்ணு தனியா நாமளே போடணுமாம்! இதுல உச்சம் என்னன்னா, கர்லாக்கட்டை. வார்னிஷ் அடிச்சு, "பாரம்பரியம்"னு எழுதி, ஜோடிக்கு நாலாயிரம் ரூபாய். நம்ம கோதாவுல பயில்வான்கள் சுத்துன கட்டையை நமக்கே திருப்பி விக்கிறாங்க.

இது இன்னிக்கு வந்த வியாபாரம் இல்லங்க. நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. நாம கையில்லாத பனியனுக்கு சாண்டோ பனியன்னு பேர் வச்சிருக்கோமே, அது ஜெர்மனிக்காரர் யூஜின் சாண்டோ பேரு. 1867ல பிறந்தவர். உலகம் பூராவும் சுத்தி உடம்பைக் காட்டிக் கூட்டம் சேத்தார், 1900களோட ஆரம்பத்துல நம்ம நாட்டுக்கும் வந்து போனார். நம்ம ஊர்ல பலசாலிக்குப் பட்டமே சாண்டோன்னு ஆகிப்போச்சு, படம் எடுத்த சின்னப்பா தேவரை சாண்டோ சின்னப்பா தேவர்னு சொன்னது அதனாலதான். அந்த மனுஷன் உடம்பைக் காட்டுனதோட நிறுத்தல. கைப்பிடிக்குள்ள ஸ்பிரிங் வச்ச டம்பெல்லும், தபால்ல பாடமும் வித்தார். "என் உடம்பைப் பாரு, உன் உடம்பைப் பாரு, இந்தச் சாமானை வாங்கு." இன்னிக்கு செல்போன்ல வர்ற விளம்பரம் பூராவும் இந்த மூணு வரிதான்.

நம்ம கர்லாக்கட்டை கதையும் அப்படித்தான். இங்க இருந்த வெள்ளைக்காரப் பட்டாளத்துக்காரங்க அதைப் பாத்துக் கத்துக்கிட்டு அவங்க நாட்டுக்குக் கொண்டு போனாங்க. அங்க 'இந்தியன் கிளப்'னு பேரு. புஸ்தகம் போட்டாங்க, பள்ளிக்கூடத்துல சொல்லிக் கொடுத்தாங்க. 1904லயும் 1932லயும் ஒலிம்பிக்லயே அதைச் சுத்துற போட்டி இருந்துச்சு. 1932ல லாஸ் ஏஞ்சலீஸ்ல தங்கம் வாங்குனது ஜார்ஜ் ராத்னு ஒரு அமெரிக்கக்காரர். பெரும் பஞ்ச காலம், அந்த ஆளுக்கு வேலை கிடையாது. மெடலை வாங்கிட்டு ஸ்டேடியத்தை விட்டு வெளிய வந்து, ரோட்டுல போற வண்டிக்குக் கை காட்டி ஏறித்தான் வீடு போய்ச் சேந்தாராம். கையில காசில்லாதவன் ரெண்டு கட்டையை வச்சுக்கிட்டு உலகத்துலயே முதல் ஆளா வந்திருக்கான். நமக்கு இன்னிக்கு ஜோடி நாலாயிரம்.

நான் என்ன பண்ணேன்னு சொல்றேன். இதுல கொஞ்சம் விவரமா எழுதணும், ஏன்னா பாதி விவரத்தோட செஞ்சுதான் நான் அடிபட்டேன்.

முதல் சாமான், மூட்டை. காலி யூரியா சாக்கு வீட்டுல எப்பவும் கிடக்கும். முன்னாடி 50 கிலோ மூட்டை, 2018ல இருந்து 45 கிலோதான். நல்லாக் கழுவி வெயில்ல காயப்போட்டு, உள்ள ரெண்டு கெட்டியான பாலித்தீன் பையை வச்சு, தோட்டத்து மண்ணைச் சலிச்சுப் போட்டேன். ஆத்து மணலைக் கேக்காதீங்க, அதை அள்ளி யாரு கேசு வாங்குறது. திராட்சை எடை போடுற தராசுலயே வச்சு 10 கிலோ நிறுத்து ஆரம்பிச்சேன். வாய்க்கு மேல ஒரு சாண் காலியா விட்டுக் கட்டணும், இறுக்கி அடைச்சா பிடிமானம் கிடைக்காது. தரையில இருந்து குத்தவச்சு எடுத்து, மாரோட அணைச்சு, எந்திரிச்சு நிக்கணும். அப்படியே வரப்புல இருபது எட்டு நடந்து வந்து இறக்கணும். இம்புட்டுத்தான். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஒரு கிலோ கூட்டுனேன். இப்போ 24 கிலோவுல நிக்குது.

இது ஒண்ணும் என் கண்டுபிடிப்பு இல்ல. இளவட்டக்கல் இப்படித்தான். எங்க ஊர் சாவடி முன்னாடி ஒண்ணு கிடக்கு. உருண்டையா, வழுவழுன்னு, பிடிக்க இடமே இருக்காது. குத்தவச்சு, கட்டிப்பிடிச்சு, முட்டிக்கு ஏத்தி, நெஞ்சுக்கு ஏத்தி, தோளுக்குக் கொண்டு போய்ப் பின்னால போடணும். ஐஸ்லாந்துல ஹூசாஃபெல்னு ஒரு ஊர்ல 186 கிலோவுக்கு இதே மாதிரி ஒரு கல் இருக்கு, அதைக் கட்டிப்பிடிச்சுத் தூக்கிக்கிட்டு ஆட்டுப்பட்டியைச் சுத்தி நடக்கணுமாம். ஸ்பெயின் பக்கம் பாஸ்க் நாட்டுலயும் கல் தூக்குறது ஊர்த் திருவிழாப் போட்டி. ஸ்காட்லாந்துல ஒரு காலத்துல வாலிபம் வந்ததுக்கு அடையாளமே கல் தூக்குறதா இருந்துச்சு. ஒருத்தரை ஒருத்தர் பாக்காமலே எல்லா ஊர்க்காரனும் ஒரே சாமானைக் கண்டுபிடிச்சிருக்கான், கல்லு. விலை இல்லாத சாமான். நம்ம திருநெல்வேலி மாவட்டம் வடலிவிளையில இன்னிக்கும் பொங்கலுக்குப் போட்டி வைக்கிறாங்க, பெண்களும் கலந்துக்கிறாங்க.

இந்த இடத்துல "ஆகா, நம்ம முன்னோர்கள்!"னு சில பேர் ஆரம்பிப்பீங்க. கொஞ்சம் நில்லுங்க. எங்க சாவடிக் கல்லை எல்லாத் தெருப் பையனும் தொட முடிஞ்சதா? முடியல. எங்க தாத்தா காலத்துல சாவடிப் பக்கமே வரக்கூடாதுன்னு இருந்த தெருக்காரங்க உண்டு. அவங்க அந்தக் கல்லை விடக் கனமா தெனமும் கூலிக்குத் தூக்குனவங்க. கல்லைத் தூக்குனாத்தான் பொண்ணுன்னு வீம்புக்குத் தூக்கி, குடல் இறங்கி, சாகுற வரைக்கும் இடுப்புல துணியை இறுக்கிக் கட்டிக்கிட்டுத் திரிஞ்ச ஒரு சின்னத் தாத்தா எங்க வீட்டுலயே இருந்தார். அவரைப் பத்தி எந்த வாட்சப் பதிவும் வராது. பழசுல இருந்து கல்லை எடுத்துக்குவோம், வீம்பை அங்கேயே விட்டுருவோம். பத்து கிலோவுல ஆரம்பிச்சா யாரும் சிரிக்க மாட்டாங்க. சிரிச்சா அவனை வந்து தூக்கச் சொல்லுங்க.

ரெண்டாவது, சிமிண்டு டம்பெல். இதுலதான் நான் மாட்டுனேன். செல்போன்ல ஒரு தம்பி செஞ்சு காட்டுனதைப் பாத்தேன். ரெண்டு பெயிண்டு டப்பா, நடுவுல ஒரு பிளாஸ்டிக் குழாய், சிமிண்டைக் குழப்பி ஊத்து, மறுநாள் தூக்கு, அவ்வளவுதான்னான். அப்படியே பண்ணேன். மூணாம் நாள் தலைக்கு மேல தூக்குறேன், ஒரு பக்கத்து சிமிண்டுக் கட்டி குழாயை விட்டு உருவிக்கிட்டு வந்துருச்சு. தலையில விழல, இடது கால் பெருவிரல்ல விழுந்துச்சு. நகம் பேந்துபோச்சு. சர்க்கரைக்காரனுக்குக் கால்ல புண்ணு வந்தா என்னன்னு உங்கள்ல பல பேருக்குத் தெரியும். ரெண்டு மாசம் கட்டுப் போட்டேன். தினம் ராத்திரி என் வீட்டுக்காரி டார்ச் அடிச்சு விரல் கறுக்குதான்னு பாப்பா. ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

அதனால சொல்றேன், மலிவாச் செய்யுங்க, அலட்சியமாச் செய்யாதீங்க. பிளாஸ்டிக் குழாய் வேண்டாம், வழுக்கும். ஒரு இஞ்ச் ஜிஐ பைப்பு ஒரு அடி நீளம் வாங்கி, பட்டறையில கொடுத்து ரெண்டு முனையிலயும் குறுக்க ஒரு துண்டுக் கம்பி வெல்டிங் வச்சுக்கங்க. சிமிண்டு அந்தக் குறுக்குக் கம்பியைச் சுத்திப் பிடிச்சா உருவாது. சிமிண்டு ஒரு பங்கு, எம்சாண்டு ரெண்டு, பொடி ஜல்லி மூணு. தண்ணியை அள்ளி ஊத்தாதீங்க, தளர்ந்தா பலம் போச்சு. ஒரு பக்கம் ஊத்தி, ஆடாம ஒரு நாள் விட்டு, அப்புறம் திருப்பி மறுபக்கம். ஈரச் சாக்கைச் சுத்தி ஏழு நாள் தண்ணி தெளிக்கணும். வீடு கட்டுறவன்கிட்டக் கேளுங்க, சிமிண்டுக்கு முழுப் பலம் வர 28 நாள். நாமளும் அதுவரைக்கும் பொறுத்தா என்ன கெட்டுப்போச்சு? ஒரு லிட்டர் டப்பா நிறைய கான்கிரீட் ஏறக்குறைய 2.4 கிலோ வரும். ரெண்டு பக்கமும் சேத்து, பைப்போட அஞ்சு கிலோ டம்பெல் ஒண்ணு ரெடி. அஞ்சு லிட்டர் பெயிண்டு வாளியில ஊத்தி, மேல கம்பியை வளைச்சுப் பதிச்சா 12 கிலோ. அதுக்கும் கம்பியோட ரெண்டு நுனியையும் உள்ள மடக்கிவிட்டுப் பதிக்கணும், நேராச் சொருகுனா உருவும்.

மூணாவது, சைக்கிள் டியூப். பஞ்சர் கடையில பழசு முப்பது ரூபாய்க்குக் கொடுப்பாங்க. வெட்டி, வாசத் தூண்ல கட்டி, தோணி துடுப்புப் போடுற மாதிரி இழுக்கணும். முதுகு நிமிரும். வெயில்ல கிடந்த டியூப்ல பொடி வெடிப்பு இருக்கும், இழுக்குறப்போ அந்து முகத்துல அடிச்சா கண்ணு போயிரும். ஒவ்வொரு தடவையும் நீவிப் பாத்துட்டு இழுங்க.

நாலாவது எனக்கு இல்ல, என் வீட்டுக்காரிக்கு. அவளுக்கு வலது தோள் இறுகிப்போயி, கையைத் தூக்கித் தலை சீவ முடியல. பிசியோதெரபி பண்ற தம்பி, கதவுக்கு மேல மாட்டுற கயிறு ராட்டினம் ஒண்ணு வாங்கி, நல்ல கையால இழுத்து இறுகுன கையை மேல தூக்கிப் பழகச் சொன்னார். ராட்டினமா? எங்க வீட்டுக் கொல்லையில கிணறு தூந்துபோனதுக்கு அப்புறம் ராட்டினம் சும்மாதான் கிடந்துச்சு. அதுல கிரீஸ் போட்டு, வேப்ப மரக் கிளையில கட்டி, தேங்கா நார்க் கயிறைப் போட்டேன். அந்தத் தம்பியைக் கூட்டிட்டு வந்து காட்டி, சரின்னு சொன்ன பிறகுதான் ஆரம்பிச்சா. நாலு மாசத்துல கை காதுக்கு மேல போச்சு. அவ சொன்னது, "இருபது வருஷம் இதுல தண்ணி இறைச்சப்போ தோள் வலிக்கல, நிறுத்துன பிறகுதான் வலிக்குது."

செலவுக் கணக்கு: ரெண்டு அடி பைப்பும் வெல்டிங்கும் 250. டியூப்பு ரெண்டு 60. கயிறு 120. சாக்கு, வாளி, மண்ணு சும்மா. சிமிண்டு, வீட்டு ஒட்டு வேலை போக மிஞ்சுனது. ஆக 430 ரூபாய். கால்ல கட்டுப் போட்ட செலவைச் சேக்கல, அது என் அவசரத்துக்குக் கட்டுன அபராதம்.

இப்போ உங்க பதில் எனக்குத் தெரியும். "அண்ணே, எங்களுக்கு மண்ணு ஏது, வேப்ப மரம் ஏது?" மாசாமாசம் அரிசி மூட்டை வாங்குறீங்கல்ல? 2022ல 25 கிலோ வரைக்குமான பைக்கு ஜிஎஸ்டி போட்டதும் கடைக்காரங்க 26 கிலோவா மாத்துனாங்களே, அந்த மூட்டையை யாரு உங்க மாடிக்குக் கொண்டாறது? டெலிவரி பண்ற பையன். தண்ணி கேனு 20 லிட்டர், தண்ணி மட்டுமே 20 கிலோ. அதை யாரு மூணு மாடி ஏத்துறது? இன்னொரு பையன். அவன் இறங்கிப் போன பிறகு நீங்க லிப்டுல கீழ இறங்கி, வண்டியில ஜிம்முக்குப் போயி, மாடிப்படி மாதிரி ஒரு மெஷின்ல காசு கொடுத்து ஏறுறீங்க. மகனே, நீயும் இதைப் படிப்பன்னு தெரியும். உன்னையும் சேத்துத்தான் சொல்றேன்.

ஜிம்மே வேண்டாம்னு நான் சொல்ல வரல. உடம்பு எப்படி வளையணும், எங்க வளையக் கூடாதுன்னு நின்னு பாத்துத் திருத்துற ஒரு வாத்தியாருக்குக் கொடுக்குற காசு வீண் இல்ல. நான் அப்படி ஒருத்தர்கிட்ட ரெண்டு நாள் கத்துக்கிட்டுத்தான் மூட்டையைத் தொட்டேன், முதுகை நேரா வச்சு முழங்காலை மடக்குன்னு சொல்லிக் கொடுத்தார். போட்டிக்குப் போற பிள்ளைகளுக்கு இரும்பு வேணும், சரியான எடை வேணும். அதுவும் நியாயம். பிபி, நெஞ்சுவலி, குடல் இறக்கம் இருக்குறவங்க டாக்டரைக் கேக்காம மூட்டையைத் தொடாதீங்க, தூக்குறப்போ மூச்சைப் பிடிக்காதீங்க. என் சண்டை இவங்ககூட இல்ல. சாமான் வாங்குனாலே பாதிப் பயிற்சி முடிஞ்ச மாதிரி ஒரு நினைப்பைக் கிளப்பி விடுறாங்களே, அவங்ககூட. மேற்கு வங்கத்துக்காரர் மனோகர் ஐச், நாலடி பதினோரு அங்குல மனுஷன், வெள்ளைக்காரன் அதிகாரியோட சண்டை போட்டு ஜெயிலுக்குப் போனவர். ஜெயிலுக்குள்ள சாமான் எதுவும் இல்லாம உடம்பை வளத்து 1952ல மிஸ்டர் யுனிவர்ஸ் போட்டியில உயரம் குறைஞ்சவங்க பிரிவுல ஜெயிச்சார், 100 வயசுக்கு மேல வாழ்ந்தார். அவர் எந்தக் கடையில தவணை கட்டுனார்?

என் சர்க்கரை என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. எட்டு மாசம் கழிச்சு வெறும் வயித்துல 124. மாத்திரை போடுறேன், ராத்திரிச் சோத்தை நிறுத்திட்டேன், மூட்டையும் தூக்குறேன். எது எவ்வளவு குறைச்சதுன்னு பிரிச்சுச் சொல்ல எனக்குத் தெரியாது, மூட்டைதான் எல்லாம் பண்ணுச்சுன்னு சொன்னா நானும் சாண்டோ ஆயிருவேன். ஆனா இப்போ வாழைத்தாரைத் தோள்ல வச்சு வண்டிக்குக் கொண்டு போக ஆளைத் தேடுறதில்ல.

எங்க சாவடிக் கல்லைப் பத்தி ஒண்ணு சொல்லணும். சிமிண்டு ரோடு மேல சிமிண்டு ரோடாப் போட்டுப் போட்டு தரை ஏறிப்போயி, கல்லு பாதிக்கு மேல உள்ள புதைஞ்சு கிடக்கு. மேல தெரியுற பாதியில பையன்க உக்காந்து செல்போன் பாக்குறாங்க. போன வாரம் ரெண்டு பையன்ககிட்டக் கேட்டேன், "தம்பி, இது என்ன கல்லுன்னு தெரியுமா?" "உக்கார்ற கல்லு தாத்தா"ன்னான் ஒருத்தன். தாத்தாவா! சரின்னு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து மூட்டையைக் காட்டுனேன். ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டே வந்தாங்க, 24 கிலோவை நெஞ்சுக்குக் கொண்டு வர முடியாம வச்சுட்டாங்க. இப்போ சாயங்காலம் ஆறு பேர் வர்றாங்க. ரெண்டு பேர் கீழத்தெருப் பையன்க. வேற மூட்டை கட்டணும், எல்லாருக்கும் ஒரே எடை ஆகாது.

நேத்து ராத்திரி மழை. மூட்டையைத் திண்ணையில ஏத்தி வைக்க மறந்துட்டேன், மண்ணு நனைஞ்சு எடை ஏறிக் கிடக்கு. நாளைக்கு வெயிலடிச்சா பிரிச்சுக் காயப்போடணும். இடம் இருக்கவே இருக்கு, வேட்டியை எடுத்துட்டு ட்ரெட்மில் மேலயே பரப்பிரலாம்.